கைக்குள் மடியும் தள்ளுவண்டி: பூட்டிலிருந்து தொடங்குவோம்

கைக்குழந்தையோடு பேருந்து ஏறுகிறவருக்குத் தள்ளுவண்டி சட்டென்று மடிய வேண்டும். குழந்தை அதில் உட்கார்ந்திருக்கும்போது அது எக்காரணம் கொண்டும் மடியக் கூடாது. ஒரே சட்டகம் இந்த இரண்டையும் செய்தாக வேண்டும். இந்த வேலையில் புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் மடிப்பிலிருந்தே ஆரம்பிக்கிறார்கள். அழகாக மடிகிறது, சிறியதாகிறது, கணினித் திரையில் பார்க்க நன்றாக இருக்கிறது. அதன் பிறகுதான் பூட்டை எங்கே பொருத்தலாம் என்று மிச்சமிருக்கும் இடத்தைத் தேடுகிறார்கள். நான் சொல்ல வருவது இதற்கு நேர்மாறான வரிசை. பூட்டு எந்தச் சுமையைத் தாங்கப் போகிறது, அந்தச் சுமை அதை இறுக்குமா திறக்குமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மடிப்பை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம்.

இன்று நாம் பார்க்கும் குடை வடிவ வண்டிகளின் மூலவர் ஓவன் மெக்லாரன். இங்கிலாந்தைச் சேர்ந்த வானூர்திப் பொறியாளர். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் தரையிறங்கு சக்கர அமைப்பில் பணியாற்றியவர். இறக்கைக்குள் மடிந்து புகுந்து, மீண்டும் நீண்டு, ஓடுபாதையில் மோதும்போது மடங்காமல் நிற்க வேண்டிய கால்கள் அவை. அந்த அனுபவத்தோடு 1965-இல் அவர் வடிவமைத்த வண்டி மூன்று கிலோவுக்கும் குறைவான எடை கொண்டது. அலுமினியக் குழாய், துணி இருக்கை, பெருக்கல் குறிபோலக் குறுக்கிட்ட கம்பிகள், அவ்வளவுதான். அதை எளிய உதாரணமாக வைத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம்.

அளவும் எடையும்

மடித்த பிறகு வண்டி எங்கே போகப் போகிறது? ஆட்டோவில் காலடியிலா, ரயிலில் கீழ்ப் படுக்கைக்கு அடியிலா, விமானத்தில் தலைக்கு மேலா? ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அந்த இடத்தை அளந்து எழுதிவையுங்கள். இ.என். 1888 என்ற ஐரோப்பியத் தரவிதி தள்ளுவண்டிகளை இரண்டு பகுதிகளாகப் பார்க்கிறது: 15 கிலோ வரையுள்ள குழந்தைகளுக்கு ஒன்று, அதற்கு மேல் 22 கிலோ வரை மற்றொன்று. உங்கள் வண்டி எந்தப் பகுதியில் வருகிறது என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள்.

2014-இல் ஜிபி பாக்கிட் என்ற வண்டி, 30 × 18 × 35 செ.மீ. அளவுக்கு மடிந்து கின்னஸ் சாதனை படைத்தது. வியக்க வேண்டிய வேலைதான். ஆனால் முதல் வடிவமைப்பிலேயே அந்த எல்லையைத் துரத்தாதீர்கள். கூடுதலாக ஒரு மடிப்பு என்றால் பக்கத்துக்கு ஒரு மூட்டு கூடும். ஒவ்வொரு மூட்டும் கொஞ்சம் ஆட்டத்தைக் கொண்டுவரும், பூட்டு ஒன்றையும் கேட்கும்.

அட்டையும் ஊசியும்

கணினிக்குப் போகும் முன் தடித்த அட்டையைப் பட்டைகளாக வெட்டி, குண்டூசியால் இணைத்து, ஐந்தில் ஒரு பங்கு அளவில் பக்கவாட்டுச் சட்டத்தைச் செய்யுங்கள். மூன்று பட்டைகளை மூன்று ஊசியால் இணைத்தால் அசையாது, அது முக்கோணம். நான்கு பட்டை, நான்கு ஊசி என்றால் ஒரே ஒரு வழியில் அசையும். மடியும் வண்டிகளில் பெரும்பாலானவை இந்த நான்கு பட்டை அமைப்பின் வகைகளே. கைப்பிடியைத் தள்ளினால் முன்கால், பின்கால், இருக்கை எல்லாம் சேர்ந்து நகர்வதற்குக் காரணம் இந்த ஒற்றை அசைவு.

பூட்டு என்ன செய்கிறது என்பதை இந்த அட்டை மாதிரி தெளிவாகக் காட்டிவிடும். நான்கு பட்டைச் சட்டத்தில் மூலைக்கு மூலை ஐந்தாவது பட்டையைக் குத்திப் பாருங்கள். இரண்டு முக்கோணங்கள் கிடைக்கும், அசைவு நின்றுவிடும். நீங்கள் செய்யப்போகும் கொக்கி, பின், கொண்டி எல்லாமே அந்த ஐந்தாவது பட்டைக்கு மாற்று. அந்தப் பட்டை நீளமாக, மூட்டுகளிலிருந்து தள்ளி இருந்தால் அதன்மேல் வரும் விசை குறைவு. மூட்டுக்குப் பக்கத்தில் சிறியதாக ஒடுக்கினால் விசை பல மடங்கு ஏறும்.

அட்டை மாதிரியை மடித்துப் பார்க்கும்போதே வேறு சிலவற்றையும் கவனியுங்கள். சேறு படிந்த சக்கரம் குழந்தையின் முதுகுத் துணியில் வந்து உரசுகிறதா? மடித்த வண்டி தானே நிற்குமா? அப்புறம் துணி. அதையும் ஒரு பட்டையாகவே கணக்கில் சேருங்கள். வண்டி விரியும் கடைசிக் கணத்தில்தான் துணி இறுக வேண்டும். பூட்டு விழும் முன்பே இறுகிவிட்டால், அவசரத்தில் இருக்கும் பெற்றோர் அந்த எதிர்ப்பையே “முழுதாக விரிந்துவிட்டது” என்று எடுத்துக்கொள்வார்கள். பருத்தித் துணி துவைத்தால் சுருங்கும். முதல் மாதம் விழுந்த பூட்டு ஆறாம் மாதம் விழாமல் போக இது போதும். பாலியஸ்டர் துணி, அல்லது முன்கூட்டியே துவைத்துச் சுருக்கிய துணி, அதிலும் சில மில்லிமீட்டர் தளர்வு என்று திட்டமிடுங்கள்.

விசையைக் கணக்கிடுதல்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். அதனால்தான் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

நடுவில் மடியும் கைப்பிடிக் குழாய் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கீலிலிருந்து கைப்பிடி 600 மி.மீ. மேலே இருக்கிறது. மடியும் திசையில் கைப்பிடியை 200 நியூட்டன் விசையால் தள்ளுகிறோம். ஏறக்குறைய இருபது கிலோ எடை. கைப்பிடியில் காய்கறிப் பை தொங்குகிறது, நடைபாதை விளிம்பில் முன்சக்கரம் முட்டுகிறது என்றால் இந்த அளவு சாதாரணமாக வரும். கீலில் உருவாகும் திருப்புவிசை 120 நியூட்டன் மீட்டர். பூட்டுப் பின் கீலின் மையத்திலிருந்து 25 மி.மீ. தள்ளி இருந்தால் அதன்மேல் வரும் விசை 4,800 நியூட்டன். கிட்டத்தட்ட அரை டன்! இரண்டு பக்கமும் சரியாகப் பங்கிட்டால் பக்கத்துக்கு 2,400.

5 மி.மீ. எஃகுப் பின்னுக்கு இது பெரிய சுமையல்ல. பின் உட்காரும் துளைதான் கவலை. 4 மி.மீ. தடிமனுள்ள நைலான் சுவரில் அந்தப் பின் அழுத்தும் பரப்பு 20 சதுர மி.மீ.; அழுத்தம் 120 மெகாபாஸ்கல். முப்பது விழுக்காடு கண்ணாடி இழை கலந்த நைலான் 66 உலர்ந்த நிலையில் சுமார் 180 மெகாபாஸ்கல் இழுவிசை தாங்கும்; காற்றின் ஈரத்தைக் குடித்தபின் அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற கடலோர ஊர்களில் அந்த நைலான் உலர்ந்தே இருக்காது. ஆக, துளை நீள்வட்டமாகத் தேயும், ஆட்டம் கூடும், ஒருநாள் விரிசல் விடும்.

இப்போது பின்னை மையத்திலிருந்து 60 மி.மீ. தள்ளி வையுங்கள். பக்கத்துக்கு 1,000 நியூட்டன். அழுத்தம் 50 மெகாபாஸ்கல். பொருளை மாற்றவில்லை, எடையும் அதிகம் கூடவில்லை. அந்த 35 மி.மீ. இடத்தைப் பூட்டுக்கு முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும் என்பதுதான் என் வாதம் முழுவதும். இடமே இல்லையென்றால் துளைக்குள் எஃகு புஷ் பொருத்துங்கள்.

ஆட்டத்துக்கும் இதே கணக்குதான். 5.0 மி.மீ. பின்னுக்கு 5.2 மி.மீ. துளை என்றால், 25 மி.மீ. தூரத்தில் அந்த 0.2 மி.மீ. தளர்வு கைப்பிடியில் ஏறக்குறைய 5 மி.மீ. ஆட்டமாகப் பெரிதாகும். 60 மி.மீ. தூரத்தில் அது 2 மி.மீ. மட்டுமே. கடையில் கைப்பிடியை ஆட்டிப் பார்க்கும் தாய் “லொடலொடன்னு இருக்கு” என்று ஒதுக்கிவிடும் வண்டிக்கும் நம்பி வாங்கும் வண்டிக்கும் வித்தியாசம் இங்கேதான்.

நடுக்கோட்டைத் தாண்டும் பூட்டு

பைக்கை நடு ஸ்டாண்டில் ஏற்றும்போது, கால் செங்குத்தைத் தாண்டிக் கொஞ்சம் முன்னே போய் ஒரு தடுப்பில் நிற்கிறதல்லவா? அதன்பின் பைக்கின் எடையே ஸ்டாண்டை அந்தத் தடுப்பில் அழுத்திவைக்கிறது. குடை வண்டியின் பின்புறம், இரண்டு பின்கால்களுக்கும் குறுக்கே, நடுவில் கீல் வைத்த பட்டை ஒன்று இருக்கும். காலால் மிதித்து நேராக்குவோம். அது செய்வதும் இதையேதான். துணி இருக்கையில் குழந்தையின் எடை விழும்போது இரண்டு பக்கக் குழாய்களும் உள்நோக்கி இழுபடுகின்றன. குறுக்குப் பட்டை அழுந்துகிறது. பட்டையின் நடுக்கீல் நேர்கோட்டைத் தாண்டி இறங்கியிருந்தால், குழந்தையின் எடையே அதை மேலும் கீழே தடுப்பின்மேல் அழுத்தும். ஸ்பிரிங் அறுந்துபோனாலும் பிடி விடாது.

எவ்வளவு தாண்ட வேண்டும்? பட்டையின் ஒவ்வொரு பாதியும் 180 மி.மீ. என்று வையுங்கள். ஒவ்வொரு பாதியும் 5 பாகை சாய்ந்தால் நடுக்கீல் கோட்டுக்குக் கீழே சுமார் 16 மி.மீ. இறங்கும். அந்த நிலையிலிருந்து வெளியே வர, பட்டை மீண்டும் நேர்கோட்டைக் கடக்க வேண்டும். கடக்கும் கணத்தில் இரண்டு முனைகளும் 1.4 மி.மீ. விரிந்தாக வேண்டும். குழாய்களின் வளைவும் துணியின் இறுக்கமும் அந்த 1.4 மி.மீ.க்கு எதிர்ப்புக் கொடுப்பதால்தான் “டக்” என்று பூட்டு விழுகிறது. உங்கள் மூட்டுகளின் மொத்தத் தளர்வு 1.4 மி.மீ.யைத் தாண்டினால் அந்தப் பிடிப்பே இருக்காது. பட்டை கோட்டின் இரு பக்கமும் சும்மா போய்வரும். எனவே ரிவெட் துளைகளின் அளவை இந்த எண்ணிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு முடிவு செய்யுங்கள்.

இந்தப் பூட்டின் பலவீனத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். கீழிருந்து ஏதாவது நடுக்கீலைத் தட்டினால் அது திறந்துவிடும். படிக்கட்டில் இழுக்கும்போது படியின் விளிம்பு, நடக்கும்போது தள்ளுபவரின் கால் முனை, எதுவும் தட்டலாம். ஆகவே நடுக்கோட்டுப் பூட்டை எப்போதும் தனியாக விடக் கூடாது. இரண்டாவது பூட்டு கட்டாயம்.

கொக்கி, பின், பல்சக்கரம்

மற்ற பூட்டு வகைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குழாய்க்குள் குழாய் நுழையும் இடத்தில் ஸ்பிரிங் பின் பொருத்தமானது. கைப்பிடியின் கோணத்தையோ கூரையையோ பல நிலைகளில் நிறுத்த, பல் வெட்டிய வட்டு நல்லது. முதன்மைப் பூட்டுக்குக் கொக்கியைத்தான் நான் விரும்புவேன். விழுந்ததா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியும், தேய்மானமும் தெரியும்.

கொக்கியின் முகக்கோணத்தில் கவனம் வையுங்கள். நைலான்மீது எஃகு வழுக்கும் உராய்வுக் கெழு 0.2 என்று எடுத்தால், உராய்வு தாங்கும் எல்லை சுமார் 11 பாகை. முகம் வெளிப்பக்கமாக அதைவிட அதிகம் சரிந்திருந்தால் சுமை கொக்கியை வெளியே தள்ளிவிடும். அதற்குக் குறைவாக இருந்தாலும் கரடுமுரடான சாலையின் அதிர்வில் உராய்வை நம்ப முடியாது. முகத்தை இரண்டு மூன்று பாகை உள்பக்கமாகச் சரித்துவிட்டால் சுமை ஏற ஏறக் கொக்கி உள்ளே இழுபடும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு: குழந்தை உட்கார்ந்திருக்கும்போது யாராவது தவறுதலாக நெம்புகோலை இழுத்தாலும் கொக்கி எளிதில் விடாது.

இரண்டாவது பூட்டும் திறக்கும் முறையும்

முதல் பூட்டு உடைந்தால் வண்டியைத் தாங்குவது இரண்டாவது பூட்டின் வேலை. எனவே இரண்டுக்கும் ஒரே ஸ்பிரிங், ஒரே கம்பி வைத்தால் அது பெயரளவுக்குத்தான் இரண்டு. மூலத்திலிருந்தே தனித்தனியாக்குங்கள்.

ஐரோப்பியத் தரவிதி, தவறித் திறப்பதைத் தடுக்கச் சில வழிகளைச் சொல்கிறது: பூட்டைத் திறக்கக் குறைந்தது 50 நியூட்டன் விசை தேவைப்படலாம், அல்லது, முதல் செயலை விடாமல் பிடித்துக்கொண்டே இரண்டாவதைச் செய்ய வேண்டியிருக்கலாம், அல்லது, இரண்டு தனித்தனி இயக்கக் கருவிகளை ஒரே நேரத்தில் இயக்க வேண்டியிருக்கலாம். ஒரு கையில் குழந்தை, மறு கையில் வண்டி என்ற நிலைக்கு நடு வழிதான் ஏற்றது. கைப்பிடியில் கட்டைவிரலால் ஒரு பொத்தானை நகர்த்தி, அதை விடாமல் மற்ற விரல்களால் நெம்பை அழுத்துவது. கட்டைவிரலை எடுத்த மறுகணம் பொத்தான் தானாகத் திரும்பி வர வேண்டும். திறந்த நிலையில் தங்கிவிட்டால் இரண்டு செயல் ஒன்றாகிவிடும். இருக்கையில் இருக்கும் குழந்தையின் கைக்கும், பக்கத்தில் நடந்துவரும் மூத்த பிள்ளையின் கைக்கும் இவை எட்டக் கூடாது.

மடித்த பிறகு பிடித்துக்கொள்ள ஒரு சிறு கொண்டியும் வேண்டும். தூக்கும்போது வண்டி பாதி விரிந்தால் பக்கத்தில் நிற்கும் குழந்தையின் விரல் அகப்படும்.

பாதி விழுந்த பூட்டு

விழாத பூட்டைவிட ஆபத்தானது, விழுந்ததுபோல் தோற்றம் தரும் பூட்டு. 1998-இல் சிகாகோவில், ஒன்றரை வயதுகூட நிரம்பாத குழந்தை ஒன்று மடக்குத் தொட்டிலில் இறந்தது. தொட்டிலின் மேல் கம்பிகள் நடுவில் மடிந்து விழுந்து, ‘வி’ வடிவ இடுக்கில் குழந்தையின் கழுத்து சிக்கியது. அந்தத் தொட்டில் 1993-லேயே சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டிருந்தது. பராமரிப்பவருக்கு அது தெரியாது. குழந்தையின் பெற்றோர் விடாமல் போராடினார்கள். அமெரிக்கா 2008-இல் இயற்றிய நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு பிரிவு அந்தக் குழந்தையின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தொட்டில், உயர நாற்காலி, தள்ளுவண்டி என எதைச் செய்தாலும் இந்தப் பாடம் உங்கள் மேசையில் இருக்க வேண்டும்.

வழி இதுதான். பூட்டு முழுதாக விழவில்லையென்றால் வண்டி வெறுமையாகவே நிற்கக் கூடாது. தன் எடையாலேயே மடிந்து சரிய வேண்டும். அதற்கு, திறக்கும் பக்கம் தள்ளும் ஒரு மெல்லிய ஸ்பிரிங்கைச் சட்டத்தில் சேர்க்கலாம், அல்லது எடை மையத்தை அப்படி அமைக்கலாம். கொக்கியின் நுனியில் தட்டையான இடம் வைக்காதீர்கள். அதன்மேல் பின் ஏறி உட்கார்ந்துவிடும். நுனி கூர்மையாகச் சரிந்திருந்தால் பின் உள்ளே போகும் அல்லது வெளியே நழுவும், நடுவில் நிற்க இடமிருக்காது. பூட்டு விழும் ஒலி சந்தை இரைச்சலிலும் கேட்க வேண்டும். பூட்டாத நிலையில் ஒரு சிவப்புப் பட்டை தெரியும்படி செய்தால் இன்னும் நல்லது.

விரல்கள்

2009 நவம்பரில் மெக்லாரன் நிறுவனம் அமெரிக்காவில் சுமார் பத்து லட்சம் வண்டிகளைத் திரும்பப் பெறும் அறிவிப்பை வெளியிட்டது. பக்கக் கீலில் விரல் அகப்பட்டு 12 குழந்தைகளின் விரல்நுனி துண்டானதாகப் புகார்கள் வந்திருந்தன. தீர்வாக நிறுவனம் அனுப்பியது கீலை மூடும் துணி உறை. இவ்வளவு சின்ன உறை முதல் நாளிலேயே இருந்திருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

பொம்மைகளுக்கான பன்னாட்டு விதி ஐ.எஸ்.ஓ. 8124-இல் அசையும் பாகங்களின் இடைவெளிக்கு ஓர் அளவுகோல் உண்டு: 5 மி.மீ. குச்சி நுழையுமானால் 12 மி.மீ. குச்சியும் நுழைய வேண்டும். அதாவது விரல் நுழையவே கூடாது, நுழைந்தால் நசுங்கக் கூடாது. இந்தியத் தரவிதி ஐ.எஸ். 9873 இதன் வழி வந்தது. வண்டிக்கும் இதே இரண்டு குச்சிகளைத் தயாராக வைத்துக்கொண்டு, சட்டத்தை மெல்ல விரித்து மடித்து, ஒவ்வொரு நிலையிலும் ஒவ்வொரு மூட்டிலும் நுழைத்துப் பாருங்கள். விரிந்த நிலையில் மட்டும் பார்ப்பது போதாது. வெட்டு நடப்பது அசைவின் நடுவில்.

இரண்டு குழாய்கள் கத்தரிக்கோல்போல நெருங்கும் மூட்டைவிட, வட்டமான இரண்டு வட்டுகள் ஒன்றோடொன்று முகம் பொருந்திச் சுழலும் மூட்டு பாதுகாப்பானது. சுழன்றாலும் விளிம்புகளின் இடைவெளி மாறாது. மாற்ற முடியாத இடத்தில் உறை போடுங்கள். கருவி இல்லாமல் கழற்ற முடியாத உறையாக இருக்கட்டும்.

முழு அளவில் செய்து வதைத்தல்

முதல் முழு அளவு மாதிரியை ஒட்டுப்பலகையிலும் போல்ட்டிலும் செய்யலாம். அடுத்ததை உண்மையான குழாயில் செய்யுங்கள். இருக்கையில் 15 கிலோ மணல் மூட்டை; கைப்பிடியில் பெட்டி நிறுக்கும் தொங்கு தராசை மாட்டி, மடியும் திசையில் இருபது கிலோ காட்டும்வரை இழுத்து, இரண்டு நிமிடம் பிடியுங்கள். பிறகு ஒரு பக்கப் பூட்டை மட்டும் கழற்றிவிட்டு மீண்டும் இழுங்கள். கணக்கில் இரண்டு பக்கமும் சமமாகப் பங்கிட்டோம். நடைமுறையில் ஒரு பக்கம் முந்திக்கொள்ளும்.

அடுத்தது அழுக்கு. கொக்கிக்குள் ஈர மணலைத் தூவுங்கள், பிஸ்கட் தூளைக் கொட்டுங்கள், சர்க்கரைப் பாகை ஊற்றிக் காயவிடுங்கள். அதன் பிறகும் பூட்டு விழ வேண்டும். விழாவிட்டால் வண்டி சரிய வேண்டும். பாதி நிலையில் நின்றுவிட்டால் வரைபடத்துக்குத் திரும்புங்கள். தூள் கீழே உதிர வழி விடும் திறந்த அடிப்பாகம், மூடிய பெட்டியைவிட நல்லது. ஸ்பிரிங் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். துத்தநாகப் பூச்சு உப்புக் காற்றில் நெடுநாள் நிற்காது.

நீடித்த சோதனைக்கு ஐரோப்பிய விதி, தடைகள் பதித்த ஓடுபாதையில் 72,000 முறை வண்டியைக் குலுக்கச் சொல்கிறது. கைப்பிடியை 10,000 முறை ஏற்றி இறக்கச் சொல்கிறது. இதை ஆய்வுக்கூடத்தில்தான் முறையாகச் செய்ய முடியும். அங்கே அனுப்பும் முன், கரடுமுரடான தெருவில் மணல் மூட்டையோடு தினமும் தள்ளி, ஒவ்வொரு நாளும் கைப்பிடி ஆட்டத்தை மில்லிமீட்டரில் குறித்துவையுங்கள். அந்த எண் ஆரம்பத்தில் கொஞ்சம் ஏறி நின்றுவிட்டால் மூட்டு படிந்துவிட்டது என்று பொருள். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் ஏதோ ஒரு துளை தேய்கிறது. எல்லா ரிவெட்டையும் அறுத்துப் பிரித்து, துளைகளை அளந்து, எது என்று கண்டுபிடியுங்கள்.

கார் இருக்கையாகவும் வண்டியாகவும் மாறும் கலப்பு வகையைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கார் விபத்தில் குழந்தையைக் காக்கும் இருக்கைக்கு இந்தியாவில் ஏ.ஐ.எஸ். 072 என்ற தனி விதி உண்டு; மோதல் சோதனையும் அதில் அடக்கம். சோதனையில் தேறிய இருக்கையின் ஓட்டில் நீங்களாக ஒரு துளைகூடப் போடக் கூடாது. அதன் உற்பத்தியாளர் கொடுத்திருக்கும் பிடிப்பு இடங்களை மட்டும் பயன்படுத்தி, உங்கள் சட்டகத்தின் பூட்டை அதற்கேற்ப அமையுங்கள். இருக்கை சட்டகத்தில் முழுதாக உட்காராதவரை வண்டியின் சக்கர பிரேக் விடுபடாதபடி இணைத்துவிட்டால், பாதி பொருந்திய இருக்கையோடு யாரும் தெருவில் இறங்க முடியாது.